அம்மா படத்துப் பொட்டு

ஜூலை 14, திங்கள்

காலையில் புகைமூட்டம். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் மங்கல். கொல்லையில் மழைமானி காலி. வானிலை நிலைய வேலையை விட்டு வந்து எத்தனையோ வருடம். இன்னும் கண் விழித்ததும் கால் கொல்லைக்குத்தான் போகிறது. யாருக்காக அளக்கிறேன், தெரியவில்லை.

வாங்க: அக்காவுக்கு ரத்த அழுத்த மாத்திரை, குழாய்க்கு வாஷர். மகன் குமரனிடம் சொல்ல: கேட் உருளை சிக்குகிறது. (போன வாரமும் இதையே எழுதியிருக்கிறேன்.)

மாலை ஆறரைக்கு டிவியில் அந்தத் தொடர். சப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்துக் கதை. அக்காவுக்குப் பொழுது போகட்டும் என்று சுமதிதான் போட்டுப் பழக்கினாள். மருமகள், நல்லெண்ணத்தில் செய்தது. இன்று தோட்டத்து ஆண்களை லோரியில் ஏற்றி, ரயில் பாதை போட சயாமுக்கு அனுப்பும் காட்சி. கதாநாயகன் வேலு ஏறுகிறான். அவன் மகள் லோரிக்குப் பின்னால் ஓடிக்கொண்டே கை ஆட்டுகிறாள். லயத்து வீடுகளின் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். வயலின். நான் நாளிதழை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா சிரித்துவிட்டாள்.

"யாருடா அழுதா? ரெண்டு மாசத்துல வந்துடலாம், அரிசி கெடைக்கும்னாங்க. கல்யாணத்துக்குப் போற மாதிரிதான் ஏறினாங்க."

"நாடகம்னா அழணும் லா, அத்தை. இல்லாட்டி யாரு பாப்பா?" சுமதி.

"அப்பா இப்படியும் இல்ல. இவன் என்னா, தாடிய வெச்சிக்கிட்டு."

எங்கள் அப்பா அப்படி ஏறிப் போனவர். நான் அப்போது அம்மா வயிற்றில். அக்காவுக்கு ஆறு வயது. திரும்பி வந்தவர்களில் ஒருவர் அவரை ஒரு முகாமில் பார்த்ததாகச் சொன்னார், இன்னொருவர் வேறொரு முகாமில். இறந்தார் என்று யாரும் சொல்லவில்லை. படம் ஒன்றும் கிடையாது. தோட்டத்தில் யார் படம் எடுத்தார்கள்? அந்த முகத்தைப் பார்த்தவர்களில் இன்று மிச்சம் அக்கா ஒருத்திதான். எண்பத்தெட்டு.

இதை இதுவரை எழுதிப் பார்த்ததில்லை. எழுதியதும் பயம்.

ஜூலை 15, செவ்வாய்

வெயில். வாஷர் வாங்கினேன், அளவு தவறு.

அக்காவுக்குக் கஞ்சி ஊட்டும்போது கேட்டுவிட்டேன். ஒரு கரண்டி சேலையில் கொட்டியது. அப்பா எப்படி இருப்பார்? நேராகக் கேட்பது இதுதான் முதல் தடவை. அம்மா இருந்தவரை கேட்கக் கூடாத பேச்சு. அதற்குப் பிறகும் நாக்கு எழவில்லை.

சொன்னாள். சட்டென்று, பக்கத்து அறையில் இருப்பவரைச் சொல்வதுபோல.

கறுப்பு. மெலிசு. இடது காதுமடல் கிழிந்தது. கடுக்கன் ஏதோ கொடியில் மாட்டி இழுத்துக்கொண்டதாம். முன்பல் ஒன்று இல்லை, அதனால் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார். பக்கத்தில் போனால் பால்வெட்டு வாடை, ரப்பர்ப் பாலின் புளிப்பு.

"நீயும் அப்படித்தான் வாய மூடிக்கிட்டு சிரிப்பே. ஒனக்குப் பல்லு எல்லாம் இருந்தப்பவே."

எனக்குத் தெரியாது. எழுந்து போய்க் கண்ணாடியில் சிரித்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

லோரி வந்த அன்று? சிப்பாய்கள் கோழிகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்களாம். எங்கள் வீட்டில் ஒரே பெட்டைக் கோழி. அப்பா ஏறும்முன் அதை இவள் கையில் கொடுத்து, "பாவாடைக்குள்ள மறைச்சுக்கோ, சத்தம் வரக் கூடாது" என்றாராம்.

"ரெண்டு கையாலயும் கோழிய அமுக்கிப் பிடிச்சிருந்தேன்டா. அவரு கை ஆட்டினாரு. நான் ஆட்டல. எப்படி ஆட்டுறது?"

அப்புறம் கஞ்சியில் உப்பு இல்லை என்றாள். இருந்தது.

வேலையில் சேர்ந்த நாளில் சொல்லிக்கொடுத்த விதி: பார்த்ததை மட்டும் எழுது. பார்க்காவிட்டால் கட்டத்தில் ஒரு கோடு போடு, ஊகித்து நிரப்பாதே. எண்பத்திரண்டு வயதுவரை அப்பா முகம் எனக்கு ஒரு கோடு. இன்று ஒரு காது கிடைத்தது, ஒரு பல், ஒரு கை.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் நாள். புகை அதிகம், தொண்டைக் கமறல்.

நேற்றும் இன்றும் தொடர். வேலு இப்போது சயாமில், கல் உடைக்கிறான். அக்கா நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போடச் சொல்கிறாள். அடி விழும்போதெல்லாம் அவள் தோள் குலுங்குகிறது.

சுமதி அடுக்களையிலிருந்து: "மாமா, அத்தை பிரஷர் ஏறிடப் போகுது. வேற சேனல் வைங்க லா." வைத்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் திரும்ப இதையே வைத்தேன்.

இன்னும் கேட்க வேண்டியவை மனதில் வரிசையாக இருந்தன: உயரம், குரல், என்னவென்று கூப்பிடுவார். இன்று காலைக் கஞ்சி நேரத்தில், எளிதாக ஆரம்பிக்கலாம் என்று, காதைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

"எந்தக் காது? அப்பா காது நல்லாத்தான் இருந்துச்சு."

"கடுக்கன் மாட்டி..."

"யாருடா சொன்னா ஒனக்கு? தாடி, சுருட்டை முடி, கன்னத்துல மச்சம். ராசா மாதிரி இருப்பாரு."

கன்னத்து மச்சம் அந்த நடிகருடையது.

"சரி, கோழி?"

"என்னா கோழி? நான் லோரி பின்னாலயே ஓடினேன்டா, பாவாடை தடுக்கி விழுந்தேன். கை ஆட்டிக்கிட்டே ஓடினேன். அம்மா மாருல அடிச்சிக்கிட்டு அழுதுச்சு."

முகத்தில் என்ன ஒரு நிறைவு. கை ஆட்டிவிட்டாள். எண்பது வருடத்துக்கு மேல் ஆட்டாத கை.

மறுத்துப் பேச எனக்கு என்ன உரிமை? அவள் அங்கே நின்றவள். நான் செவ்வாய்க்கிழமை எழுதியதைத் திரும்பப் படித்தேன். என் எழுத்துதான். ஆனால் காதில் சரியாக விழுந்ததா? ஒருவேளை கிழிந்த காது நானாகப் போட்டதோ.

இல்லை. கோழியை நான் எப்படி ஊகித்திருக்க முடியும்?

முன்பே கேட்டிருந்தால் என்பதை எழுத வேண்டாம். பிரயோசனம் இல்லை.

ஜூலை 18, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. காலையில் அக்கா, வழக்கம்போல, அம்மா படத்துக்குக் குங்குமம் வைத்தாள். கை எட்டவில்லை; சுமதி ஏற்றிவிட்ட நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நான். அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது, அம்மா ஏதோ திட்டு வாங்கியவள்போல் இருப்பாள். நெற்றியில் மட்டும் வெள்ளிக்கு வெள்ளி புதுப் பொட்டு. சாகும்வரை அம்மா பொட்டை அழிக்கவில்லை. பொட்டோடுதான் எடுத்துப் போனோம். "செய்தி வராம அவருக்குத் தண்ணி விடக் கூடாது" என்பது அவள் வார்த்தை. அதனால் நான் இதுவரை ஓர் அமாவாசைக்கும் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டதில்லை. கோயிலில் மற்றவர்கள் கேட்டால் வேறு பக்கம் பார்ப்பேன்.

ஆறரை. முகாமில் வாந்திபேதி. வேலு மூங்கில் தட்டியில் கிடந்து செத்தான். வாய் திறந்திருந்தது. நல்ல நடிகர், சொல்லத்தான் வேண்டும். நாளிதழை எடுக்க மறந்துவிட்டேன். என் அப்பாவும் இப்படித்தானோ, பக்கத்தில் யாரும் இல்லாமல்? முகம் இல்லாதவரைப் பற்றி எப்படி அழுவது என்று இத்தனை காலம் தெரியாமல் இருந்தது. இன்று அழுகை வந்தது, அந்த நடிகரின் முகத்தைப் பார்த்து. அதுதான் தாங்கவில்லை.

அக்கா அழவில்லை. தொடர் முடிந்து சமையல் நிகழ்ச்சி வந்த பிறகும் அப்படியே இருந்தாள். அப்புறம் சுமதியைக் கூப்பிட்டு, தலைக்கு ஊற்றச் சொன்னாள்.

"இந்த நேரத்துலயா? அலமாக், அத்தை, சளி பிடிக்கும். அது நாடகம் லா! அவரு வீட்ல போய் இந்நேரம் கோழி பிரியாணி சாப்பிட்டுக்கிட்டு இருப்பாரு."

"ஊத்துமா."

ஊற்றினாள். ஈரத் தலையோடு அக்கா என்னிடம் சொன்னாள்: "செய்தி வந்துடுச்சு தம்பி. நான் கண்ணால பார்த்துட்டேன். அமாவாசைக்குத் தண்ணி விட்டுடு."

ஜூலை 19, சனி

குமரனுக்கு இன்று சிங்கப்பூர் வேலைக்கு விடுமுறை, வீட்டில் இருந்தான். கேட் உருளையைப் பார்த்தான், எண்ணெய் போட்டான், இன்னும் சிக்குகிறது.

அக்கா தண்ணீர் விடச் சொன்னதை அவனிடம் சொன்னேன். எண்ணெய்க் கையைத் துடைத்தான். "விட்டுடுங்கப்பா. எப்படியும் அவரு இல்ல. அத்தைக்கும் மனசு ஆறும். எதுக்கு இவ்வளவு யோசிக்கிறீங்க?"

சரிதான். அவன் சொல்வதில் தவறு ஒன்றும் காணவில்லை. ஆனால் அம்மா செய்தி என்று சொன்னது இதையா? இல்லை என்று அக்காவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சொன்னால் அவள் மறுபடி காத்திருக்க வேண்டும். சொல்லாவிட்டால் நான் ஒரு நாடகத்துக்குத் தண்ணீர் விட வேண்டும்.

எது பெரிய பிழை? முடிவு செய்யவில்லை. முடிவு செய்யாமலே நடந்துவிடும், எனக்கு எல்லாம் நடப்பதுபோல.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. வானம் மூட்டம், மழை இல்லை. ஆறு கலங்கல்.

குமரன் விடுப்பு எடுத்து ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனான். நல்ல கூட்டம். ஐயர் இளவயது, அவசரம், ஆனால் மரியாதை தெரிந்தவர்.

"அப்பா பேரு சொல்லுங்க ஐயா."

"பெருமாள்."

"எப்ப தவறினாங்க?"

குமரன்தான், "சயாம் ரயிலுக்குப் போனவரு, சாமி. தேதி தெரியாது" என்றான்.

ஐயர் ஒரு நொடி என்னை நிமிர்ந்து பார்த்தார். "இங்க நெறைய பேரு அப்படித்தாங்க ஐயா. தேதி தெரியாதவங்களுக்குத்தான் இந்த நாளே. கண்ண மூடி அப்பா முகத்த மனசுல கொண்டு வாங்க."

கண்ணை மூடினேன். கிழிந்த காதைத் தேடினேன். மூடிய வாயைத் தேடினேன், என் கையையே அதன்மேல் வைத்துப் பார்த்தேன். தாடி. சுருட்டை முடி. கன்னத்து மச்சம். மூங்கில் தட்டியில் திறந்த வாய்.

கண்ணைத் திறந்துவிட்டேன். "விடுங்க ஐயா" என்றார் ஐயர். கட்டைவிரல் பக்கமாக எள்ளும் தண்ணீரும் இறங்கிப் போயிற்று. யாருக்குப் போயிற்று?

வீட்டுக்கு வந்ததும் அக்கா என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். எள் வாடைக்காக இருக்கும்.

ஜூலை 25, வெள்ளி

லேசான தூறல், அளவுக்கு வராது.

அக்கா ஈரத்துணி கேட்டாள். அம்மா படத்தின் கண்ணாடியைத் துடைத்தாள். குங்குமம் படிந்து படிந்து சட்டம்வரை இறங்கிய கறை, நகத்தால் சுரண்டினாள். பிறகு திருநீறு மட்டும். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நான்.

வெறும் நெற்றியோடு அம்மாவை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வேறு யாரோபோல் இருந்தாள்.

அக்கா மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டாள், மீன் இல்லை என்று குறைப்பட்டாள், தூங்கினாள். தொடரைக் கேட்கவே இல்லை. "பார்த்தீங்களா மாமா, சரியாயிடுச்சு" என்றாள் சுமதி. நானும் அப்படியே நினைக்க முயன்றேன். மாலையில் கொஞ்சம் நம்பினேன்.

ஜூலை 26, சனி

காலையில் வெயில், பிறகு இடி.

சுமதி செனாயில் இருக்கும் தொழிற்சாலைக்கு, ஓவர்டைம். குமரன் கேட்டுக்குப் புது உருளை வாங்கக் கடைக்கு. நான் கஞ்சியோடு அக்காவிடம். டிவி சும்மா ஓடிக்கொண்டிருந்தது, ஏதோ பாட்டு, ஏதோ விளம்பரம்.

பாதிக் கிண்ணம் ஆகியிருக்கும். அக்கா என் கையைத் தட்டிவிட்டு எழப் பார்த்தாள்.

"தம்பி! நம்ம அப்பாடா!"

சமையல் எண்ணெய் விளம்பரம். அந்த நடிகர். தாடியை மழித்திருந்தார், மச்சம் அப்படியே. சட்டையில் மடிப்புக் கலையாமல், மேசை நிறையப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, பூரியைப் பிய்த்துச் சிரிக்கிறார்.

"நல்லா இருக்காருடா! பாரு, சாப்பிடுறாரு! எளைக்கக்கூட இல்ல!"

அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. ஆறு வயதுச் சிரிப்பு. அக்கா, அது நடிகர், அது விளம்பரம் என்றேன். சொன்னேனா? நினைத்தேன் என்றுதான் எழுத வேண்டும்.

விளம்பரம் போனதும் அவள் திரும்பி அம்மா படத்தைப் பார்த்தாள். பிறகு என்னை.

"உசுரோட இருக்கிற மனுசனுக்கு எள்ளுத் தண்ணி விட்டுட்டியேடா."

"நீதானே அக்கா..."

"ஒனக்கு என்னா தெரியும்? நீ அவர பார்த்தியா? அம்மா பொட்ட அழிக்க வெச்சிட்டியே. அவரு வந்து கேட்டா நான் என்னா சொல்லுவேன்?"

குங்குமச் சிமிழை எடுத்துக் கொடுத்தேன். அவள் கை எட்டவில்லை, தனியாக நாற்காலியில் ஏற்ற எனக்குத் தெம்பில்லை. "நீயே வை" என்றாள். வைத்தேன். கோணலாகப் பட்டது. அம்மா அந்தக் கோணல் பொட்டோடு எங்கள் இருவரையும் பார்க்கிறாள்.

கஞ்சியை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். அக்கா வாயை மூடிக்கொண்டாள். கரண்டியை உதட்டுக்குக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்புகிறாள். "தண்ணி விட்ட கை" என்றாள். அவ்வளவுதான். கைக்குழந்தையிலிருந்து அவள் ஊட்டி வளர்ந்தவன் நான். அம்மா பால்வெட்டுக்குப் போய்விடுவாள்.

மத்தியானமும் சாப்பிடவில்லை. மாத்திரையும் இல்லை. குமரன் கொடுத்தால் சாப்பிடுவாளோ என்னவோ.

மழை பிடித்துக்கொண்டது. மழைமானியைப் பார்க்கப் போகவில்லை.

நாற்காலியை வாசல் பக்கம் திருப்பச் சொன்னாள். திருப்பினேன். குமரன் புது உருளையை மாட்டி, கேட்டை இழுத்து மூடப் போனான்.

"பூட்டாதேடா" என்றாள்.