அ என்றால் மேசை

ஸ்காபரோ,
16.02.1997

அன்புள்ள தக்ஷிகாவின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். உங்கள் சுகம் பற்றி ஒரு வரி வந்து பத்துக் கிழமை, இரண்டரை மாதமாகிறது. கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி இல்லையே என்று பார்ப்பீர்கள். போடப்போன பேனையை எடுத்துவிட்டேன். ஏன் என்று கீழே எழுதுகிறேன், கோபித்து ஏசாதீர்கள்.

இங்கே குளிர் இன்னும் விட்டபாடில்லை. தக்ஷிகாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அப்பா பிளேனால் இறங்கும்போது பல் முளைத்திருக்குமா என்று கேட்கிறாள். உங்கள் விசா அலுவலில் மெடிக்கல் மட்டுந்தான் மிச்சம், இனிப் பயப்பட ஒன்றுமில்லை என்று லோயர் சொன்னார். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை கீழ்மாடியில் இருக்கும் அருள்நாயகம் அண்ணையும் கிறிஸ்ரினா அக்காவும் வந்தார்கள். நீங்கள் வந்து மணிக்கூடு திருத்துவதற்காக ஒழுங்குபடுத்தியிருக்கும் அறையைக் காட்டினேன். மூன்று பக்கமும் கண்ணாடி. விடிந்ததிலிருந்து மூன்று மணி வரை நல்ல வெயில். அதை யாருக்கும் வாடகைக்கு விடாமல் வைத்திருப்பதால் எனக்கு இங்கே விசரி என்றுதான் பெயர். இந்த அறையை உங்களுக்குப் படம் கீறி அனுப்பியதையும் பெருமையாகச் சொன்னேன். அண்ணை தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டார். "உதென்ன வேலை பார்த்தனீர் பிள்ளை? பிளான் கீறி, இலக்கம் போட்டு, அம்புக்குறியும் போட்டு, கொழும்பு லொட்ஜில இருக்கிற தமிழ் ஆளுக்கு அனுப்பினனீரோ?" என்றார். அவருடைய தம்பி ஒரு சின்னத் துண்டுக் காகிதத்தால் கொழும்பில் பொலிஸ் பிடித்து ஏழு மாதம் உள்ளே இருந்தவனாம். கிறிஸ்ரினா அக்கா கண்ணைக் காட்டி அவரை அடக்கினா.

அன்றே லொட்ஜுக்கு ரெலிபோன் எடுத்தேன். "அவர் இப்ப இஞ்ச இல்லைப் பிள்ளை" என்று மனேச்சர் சொன்னார். எங்கே போனார் என்று கேட்டதும் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எத்தனை தரம் அடித்தாலும் எடுக்கிறார்கள் இல்லை. வேறு விலாசம் என்னிடம் இல்லாதபடியால் இதையும் அங்கேதான் அனுப்புகிறேன். இங்கே ரெலிபோன் அடித்தால் ஓடிப் போகிறேன், எடுக்கத்தான் கை வருகிறதில்லை.

அந்தக் கடிதத்தில் என்னென்ன எழுதினேன் என்று ஒவ்வொரு நாளும் யோசித்துப் பார்க்கிறேன். படத்தில் இடம் போதாமல் அ, ஆ, இ என்று எழுத்துப் போட்டேன். பற்றரி வைக்க, வயர் வைக்க, மணிக்கூடு வைக்க என்று பெட்டி பெட்டியாகக் கீறினேன். என்னைப் போல ஒரு மடைச்சி இருப்பாளா? உங்களுக்கு எல்லாம் விளங்க வேண்டும் என்று பார்த்தேனே தவிர, இடையில் யார் பிரிப்பார்கள் என்று பார்க்கவில்லை. இங்கே வந்து மூன்று வருடத்தில் பயத்தை மறந்துபோனேன். அதுதான் நான் செய்த பிழை.

இதையும் யாராவது பிரித்தால் அவருக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஐயா, தமிழ் தெரிந்த ஒருவரைக் கொண்டு இதை முழுக்க வாசித்துக் கேளுங்கள். அ என்றால் மேசை. பழைய மேசை, ஒரு கால் ஆடும். ஆ என்றால் யன்னல். இ என்றால் லைற்றுக்குப் பிளக். அம்புக்குறி எல்லாம் வெயில். என் கணவர் இரத்தினவேல் இடக்கையர். அவருக்கு வெளிச்சம் வலப்பக்கத்தால் வர வேண்டும், அதற்காகத்தான் வெயில் வரும் வழியைக் கீறினேன். 54 என்பது யன்னலால் தெரியும் பஸ்ஸின் இலக்கம். அவர் கணக்கு வாத்தியார். மணிக்கூடு கழற்றுவது அவருக்குப் பொழுதுபோக்கு, அவ்வளவுதான். திருத்திய ஒன்றாவது சரியான நேரத்துக்கு அடித்ததில்லை. எங்கள் கலியாணத்துக்கு வந்த சுவர் மணிக்கூட்டைக் கழற்றிப் பூட்டினார், மூன்று ஆணி மிஞ்சியது. அதன்பிறகு அது பகல் பன்னிரண்டுக்கு நாலு அடிக்கும். இந்த மனிதரால் யாருக்கும் ஒரு ஆபத்தும் வராது. விட்டுவிடுங்கள் ஐயா.

இனி உங்களுக்கு. இன்று தக்ஷிகா தானும் அந்த அறையைப் படம் கீறி இதற்குள் வைக்கக் கொண்டுவந்தாள். மேசை, கதிரை, யன்னலில் ஒரு பெரிய சூரியன். பறித்துக் கிழித்துவிட்டேன். ஏனம்மா என்று கேட்டு அழுதாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு என்னத்தைச் சொல்வது? நானும் சேர்ந்து அழுதேன்.

மேசைக்கால் நாலையும் கொஞ்சம் வெட்டினால் ஆட்டமும் நிற்கும், குனிந்து வேலை செய்ய உங்களுக்கும் வசதியாக இருக்கும். மரம் அறுக்கிற வாள் வாங்கி வைத்திருக்கிறேன். உங்களைக் கேளாமல் வெட்ட மனம் வரவில்லை. எத்தனை அங்குலம் என்று இலக்கம் எழுத வேண்டாம். படமும் வேண்டாம். 'வெட்டு' என்று எழுதினாலும் என்ன நினைப்பார்களோ தெரியாது. 'சரி' என்று மட்டும் எழுதுங்கள். வேறு யாரையும் கொண்டு எழுதுவிக்காமல், உங்கள் இடக்கையால், அந்தச் சரிந்த எழுத்தில் எழுதுங்கள்.

பிள்ளையார் சுழியையும் ஏதோ அடையாளம் என்று பிடித்துவிடுவார்களோ என்றுதான் காகிதத்தில் போடவில்லை. உங்கள் மேசையில், வெயில் விழுகிற இடத்தில், விரலால் போட்டுவிட்டுத்தான் எழுதத் தொடங்கினேன். நீங்கள் எங்கே இருந்தாலும் பிள்ளையார் உங்களைக் காப்பாற்றித் தரட்டும்.

அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும்,
உங்கள் யோகராணி