கடைசி வண்டியில் போன பச்சைக் கட்டை

ஆவணி 9, திங்கள்

காலை ஏழுக்கே வெயில். பொதட்டூர்பேட்டை ரோட்டில் புளியமரம் வெட்டும் வேலை ஆரம்பம். பன்னிரண்டு மரம். ஒரு பக்கம் அடைப்பு, மறுபக்கம் ஒற்றை வரிசையாக வண்டிகள். திருத்தணி முனையில் கொடியோடு நான். எதிர் முனையில் காதர் பாய். லாரி மெக்கானிக்காக இருந்தவர், முட்டி வலியால் இப்போது கொடி பிடிக்கிறார்.

நடுவில் வளைவு, அவரை நான் பார்க்க முடியாது. மரம் அறுக்கும் மிஷின் சத்தத்தில் போன் அடித்தாலும் கேட்காது. அதனால் மேஸ்திரி ஒரு பச்சைக் கட்டை கொடுத்திருக்கிறார். என் பக்கத்துக் கடைசி வண்டிக்காரரிடம் அதைக் கொடுத்தனுப்ப வேண்டும். கட்டை கைக்கு வந்தால்தான் பாய் தன் பக்கம் திறப்பார். அவருடைய கடைசி வண்டியில் அது எனக்குத் திரும்பும்.

முதல் மரத்துக்கு மஞ்சள் தண்ணீர், கற்பூரம். பஸ் ஜன்னலிலிருந்து ஒரு குரல்: "கும்பிடவும் கும்பிடறானுங்க, அறுக்கவும் அறுக்கறானுங்க."

இன்று திட்டியவர்கள்: லாரிக்காரர், கல்யாண வேன், மலையிலிருந்து திரும்பும் மொட்டைத்தலைக் குடும்பம். பெரியவர் மட்டும் விபூதி கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வண்டியை விடவில்லை.

கால் எரிகிறது. நாளை பழைய செருப்பு.

ஆவணி 10, செவ்வாய்

மேகமூட்டம். மூன்று மரம் சாய்ந்தது.

பாய் பக்கம் ஒரு பைக் கட்டைக்குக் காத்திராமல் நுழைந்து, கிளை இரண்டு முழம் தள்ளி விழுந்ததாம். மதியச் சாப்பாட்டின்போது சொன்னார். "கட்டை வராம எங்க அத்தாவே வந்தாலும் இனிமே விடமாட்டேன்மா கஸ்தூரி."

அவர் மகள் ஷமீம், பொதட்டூர்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டாவது பிரசவம், நாள் நெருங்கிவிட்டது. திருத்தணி ஆஸ்பத்திரிக்கு இந்த வழியாகத்தான் வர வேண்டும். "நான்தான் அங்க நின்னுகினு இருக்கேனே, என்னா பயம்?" என்றார். எனக்கு டப்பாவில் பாதி பிரியாணி. வஞ்சனை இல்லாத மனுஷன்.

ஆவணி 11, புதன்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாமல் தூக்கமும் வராது.

பதினொரு மணி இருக்கும். என் பக்கத்துக் கடைசி வண்டி ஒரு டிவிஎஸ், பின்னால் லுங்கி மூட்டை. இரண்டு நாளாகப் பார்க்கும் ஆள், தினம் நேராகப் போகிறவர். அந்தத் தைரியத்தில் கட்டையைக் கொடுத்தேன். "நேராத்தான் போறீங்களா?" என்று எல்லோரையும் கேட்கும் நான், அவரைக் கேட்கவில்லை. நடுவில் ஒரு சந்து இருக்கிறது. ஆள் கட்டையோடு அதில் திரும்பிவிட்டார்.

எனக்கு எப்படித் தெரியும்? நின்றேன். பத்து நிமிஷம். இருபது. எதிரே ஒரு வண்டியும் வரவில்லை. மரம் ரோட்டில் விழுந்திருக்கும், இழுக்கிறார்கள் என்று நானே முடிவுகட்டினேன். பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. அரை மணி ஆனபோதுதான் கட்டை போய்ச் சேரவில்லையோ என்று தோன்றியது. கொடியை பஸ் கண்டக்டர் கையில் திணித்துவிட்டு ஓடினேன். ரோடு காலி என்று அடுத்த மரத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர்கள், "யம்மா, நில்லு நில்லு!" என்று கத்தினார்கள். மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு ஓடினேன்.

வளைவு தாண்டினால் வரிசையின் முதலில் ஒரு ஆட்டோ. உள்ளே ஷமீம், கம்பியைப் பிடித்துக்கொண்டு, உதடு வெளுத்து. முன்னால் சிவப்புக் கொடியோடு அவள் அப்பா. மருமகன் அவர் கையைப் பிடித்துக் கெஞ்சுகிறான்: "மாமு, விடுங்க மாமு, வண்டியே வர்லியே." பாய் அசையவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் ஓடுகிறது.

"நான்தான் கடைசி வண்டி பாய்! விடுங்க!"

கொடி இறங்கியது. ஆட்டோ பறந்தது. கூடப் போங்கள் என்றேன். பின்னால் இருந்த வரிசையைப் பார்த்தார், "இத்தனை பேர யார் பாக்கறது? நீ உன் எடத்துக்குப் போம்மா" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சாயங்காலம் வரை சேதி இல்லை. அவருக்குப் போன் செய்யக் கை வரவில்லை. முருகா.

ஆவணி 12, வியாழன்

தூறல். பெண் குழந்தை. நேற்று மதியமே. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் பிறந்துவிட்டதாம். இரண்டு உயிரும் சுகம்.

ஒன்பது மணிக்கு லுங்கி மூட்டைக்காரர் கட்டையோடு வந்து நின்றார். "மச்சான் வூட்ல ஒரு வாய் மோர் குட்ச்சிட்டு போலாம்னு திரும்பினங்க. கட்டை மூட்டைக்கு அடியில போயிட்ச்சு, மறந்தே பூட்டேன்." அவரை என்ன சொல்ல? கேட்காமல் கொடுத்தது நான்.

மேஸ்திரியிடம் என் தப்பு என்று சொன்னேன். முறைத்தார், அவ்வளவுதான். பாய் வழக்கம்போல் ஏழுக்கே வந்திருந்தார், சட்டைப் பையில் சாக்லேட். மதியம் அவர் முன்னால் உட்கார்ந்து, மன்னிச்சிடுங்க பாய் என்றேன்.

"அத்த வுடும்மா. கட்டை வர்லன்னதும் ஒன் மேலதான் மரம் சாஞ்சிட்ச்சோன்னு நெனச்சேன். பக்கத்துல பொண்ணு கத்திகினு இருக்கா, எனக்கு ஒன் நெனப்பாவே இருந்துச்சு. நீ ஓடி வந்தியே, அப்பதான் உசுரு வந்துச்சு."

சோற்று டப்பாவை மூடி வைத்தேன்.

அந்த அரை மணியில் முதல் இருபது நிமிஷம், பஸ்ஸில் வந்த அம்மாள் கொடுத்த கொய்யாவைத் தின்றுகொண்டு, இன்றைக்காவது கொஞ்சம் ஓய்வு கிடைத்ததே என்று நின்றிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.