லைன் இல்லாமலும் ஓடும் என்று விற்ற லாரி

அனுப்புநர்
அட்டைப்பெட்டிக் கம்பெனியில் கை நசுங்கிய பெண்ணின் பாட்டி,
தையல்காரர் வீட்டு மாடி,
தண்ணீர்த் தொட்டிச் சந்து.

பெறுநர்
நுகர்வோர் குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள்.

பொருள்: என் பேத்தி விலை கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டர் விளையாட்டை இணையம் இல்லாமல் ஆடவிடாமல் லாஞ்சர் தடுப்பது – அவள் வலது கை இறுகிப்போவதற்குள் திறந்துவிடக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அதிகாரி ஐயாவுக்கு,

இந்த மனுவை யாரிடமும் எழுதி வாங்கவில்லை. நானே எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். பொய் இருந்தால் பொறுக்க வேண்டாம்.

1. மேற்படி பேத்தி என் மகள் வயிற்றுப் பிள்ளை. தாய் போன பிறகு என்னிடம் வளர்ந்தவள். வீட்டில் கட்டெறும்பு என்று கூப்பிடுவோம், பிடித்தால் விடமாட்டாள். அட்டையை வெட்டி மடிப்பு பதிக்கிற மிஷினில் வேலை பார்த்தாள். பெட்டி செய்கிறவளுக்குப் பெட்டி ஏற்றிப் போகிற லாரியை ஓட்டிப் பார்க்க ஆசை. அதனால் மலைப்பாதையில் லாரி ஓட்டுகிற விளையாட்டு ஒன்றைத் தன் சம்பளத்தில் வாங்கினாள். “இணையம் இல்லாமலும் விளையாடலாம்” என்று விற்கிற பக்கத்தில் போட்டிருந்ததை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் வாங்கினாள். இதற்கு நான் சாட்சி.

2. அதன் பிறகு அந்த மிஷின் அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் போய்விட்டன. மீதி விரல்கள் இருக்கின்றன, ஆனால் உள்ளே மடங்கிக்கொண்டு நிமிர மறுக்கின்றன. கம்பெனியில் “பாக்கலாம்மா” என்றார்கள். இன்றுவரை பார்க்கவில்லை. வேலைக்காகக் கொடுத்திருந்த சிம் கார்டை மட்டும் மறக்காமல் நிறுத்திவிட்டார்கள்.

3. விரலுக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபி அம்மா அமுக்கச் சொல்லி ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். கட்டெறும்பு அதை ஜன்னல் வழியாக எறிந்தாள். தையல்காரர் எடுத்துக்கொண்டு மேலே வந்தார். மறுபடியும் எறிந்தாள். விஷயம் தெரிந்த பிசியோதெரபி அம்மா, “வேற எதுலதாம்மா உனக்கு இஷ்டம்?” என்று கேட்டார். லாரி என்றாள். அதையே ஓட்டச் சொல்லிவிட்டார். ஐயா, பந்தை ஒரு தரம் அமுக்கினால் அழுகிற பிள்ளை, ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு மலை ஏறி இறங்கினாள். வலித்தால் பல்லைக் கடித்துக்கொள்வாள், லாரியை நிறுத்தமாட்டாள். ஒரு நாள் என் கையில் கொடுத்தாள். நான் நேரே பள்ளத்தில் விட்டேன். “லைசென்ஸ் இல்லாத கெழவி, எறங்கு கீழ!” என்று சிரித்தாள். அடிபட்டபின் அவள் சிரித்தது அன்றுதான். ஆள்காட்டி விரல் பாதிக்கு மேல் நிமிர்ந்தது.

4. சம்பளம் இல்லாததால் இணைய இணைப்பைத் தொடர முடியவில்லை. லைனை வெட்ட ஆள் வருகிற அன்று அவள் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். “பாட்டி, அவங்க வர்றதுக்கு முன்னாடி ஆஃப்லைன் பண்ணிடு, மறந்துடாத” என்று படியில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் செய்தேன். சுவரில் இருக்கிற பெட்டியிலிருந்து ஒயரைப் பிடுங்கினேன். எனக்குத் தெரிந்து ஆஃப் என்றால் அதுதான். ஆனால் இவர்கள் ஊர் வழக்கம் வேறு. லாஞ்சர் என்று ஒன்று விளையாட்டுக்கு முன்னால் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாண்டாமல் எந்த விளையாட்டுக்குள்ளும் போக முடியாது. இணையம் இருக்கும்போதே அதன் உள்ளே போய், இனி இணையம் இல்லாமல் ஆடப்போகிறேன் என்று சொல்லி உத்தரவு வாங்க வேண்டுமாம். கிணறு வெட்ட வருகிறவனிடம், முதலில் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு வா என்பது போல இருக்கிறது. அன்று முதல் லாஞ்சர் “இணையத்தில் சேர்ந்து உள்நுழையவும்” என்கிற ஒரே பாட்டைப் பாடுகிறது. லாரி கம்ப்யூட்டருக்குள்ளேதான் நிற்கிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை.

5. தையல்காரர் நல்ல மனிதர். தன் போனிலிருந்து இணையம் கொடுத்துப் பார்த்தார். அப்போது லாஞ்சர், நீ நீதானா என்று உறுதிசெய்ய ஓர் எண்ணை உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன் என்றது. அது போனது, கம்பெனிக்காரர்கள் நிறுத்திய அந்த சிம்முக்கு; விளையாட்டு வாங்கும்போது அவள் அந்த எண்ணைத்தான் கொடுத்திருந்தாள். “அக்கா, இனிமே நம்ம கையில எதுவும் இல்ல” என்று சொல்லிவிட்டு, சொன்ன வார்த்தைக்காக அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

6. விளையாட்டு விற்றவர்களுக்கு எழுதினோம். முதலில், எங்கள் அனுபவம் அவர்களுக்கு மிக முக்கியம் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினோம். இணைப்பைத் துண்டிப்பதற்கு முன் முறைப்படி ஆஃப்லைனுக்கு மாறாதது வாங்கியவரின் தவறு என்றும், விளையாட்டு விற்கப்படவில்லை, ஆட அனுமதி மட்டுமே தரப்பட்டது என்றும் வந்தது. ஐயா, பொத்தானில் “வாங்கு” என்றுதான் போட்டிருந்தது. அனுமதிதான் என்றால் அதை அந்தப் பொத்தானில் போட்டிருக்க வேண்டும். ஒயரைப் பிடுங்கியது நான்; அதை மறைக்கவில்லை. ஆனால் அது தவறு என்று ஒப்புக்கொள்ளவும் மாட்டேன். லைன் இல்லாமல் ஓடும் என்று சொன்னது அவர்கள். லைனை எடுத்தேன். ஓடவில்லை. தவறு யாருடையது என்பதைத் தாங்களே சொல்லவும்.

7. இப்போது கட்டெறும்பு ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள். பந்தைக் கொடுத்தால் எறிவதுகூட இல்லை. எறிந்தால் தேவலை என்று இருக்கிறது. நிமிர்ந்த விரல் திரும்ப மடங்கிவிட்டது. தசை இறுகிவிட்டால் பிறகு எந்த வைத்தியத்துக்கும் நிமிராது, சீக்கிரம் ஏதாவது செய்யுங்கள் என்று பிசியோதெரபி அம்மா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். வேறு விளையாட்டு வாங்கித் தரலாமே என்று தாங்கள் நினைக்கலாம். நானும் கேட்டேன். “அதுக்கும் வாசல்ல ஒருத்தன் ஒக்காந்திருப்பான் பாட்டி” என்றாள்.

ஆகவே, இணையமும் பழைய போன் எண்ணும் கேட்காமல் இந்த விளையாட்டை எங்கள் கம்ப்யூட்டரில் திறந்துவிட அவர்களுக்கு உடனே உத்தரவிட வேண்டுகிறேன். அபராதம், நஷ்டஈடு எதுவும் நான் கேட்கவில்லை. லாரி கிளம்பினால் போதும்.

வாங்கியவளின் கையெழுத்தும் வேண்டும் என்று தங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். எங்கள் வீட்டில் யாரும் கைநாட்டு வைத்ததில்லை ஐயா. என் அம்மா மட்டும்தான் வைத்தாள். அவளோடு போகட்டும் என்றுதான் என்னை ஐந்து வரைக்கும் படிக்க அனுப்பினாள். என் பேத்தி பன்னிரண்டாவது வரை படித்தவள், முத்து முத்தாக எழுதுவாள். இடது கையால் எழுதச் சொன்னேன். கோணல் மாணலாகத் தன் பெயரைப் பார்க்க மாட்டேன் என்று பேனாவைத் தள்ளிவிட்டாள். பிறகு நான் மை தடவினேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே விரலைக் கொடுத்தாள். கீழே இருப்பது அதுதான். இதை அவளுடைய கடைசிக் கையெழுத்தாக ஆக்கிவிடாதீர்கள்.

இடம்: மேற்படி வீடு
நாள்: தங்கள் அலுவலக முத்திரையில் உள்ளபடி

இவ்வாறு எழுதிக் கையெழுத்திடும்,
(ஒப்பம்)
பாட்டி

விளையாட்டை வாங்கியவள்:
(இடது கைப் பெருவிரல் ரேகை)
பேத்தி