ஒருசந்தியும் மாத்திரையும்

10-3-72, வெள்ளி

செசிலி அப்பாவுக்கு,

தக்காளிக் கூடையோடு கம்பைநல்லூர் போகிறேன். சாவி மாடத்தில். அடுப்பின் மேல் கஞ்சி இருக்கிறது. தபசுகால வெள்ளி, ஒருசந்தி விரத நாள்தான், இருந்தாலும் கொல்லையிலிருந்து வந்ததும் குடியுங்கள்.

நேற்று மாத்திரை டப்பாவைப் பார்த்துவிட்டு நான் கத்தியிருக்கக் கூடாது. ஆனால், "காத்தால சாப்பிட்டுட்டுப் போடச் சொன்னாரு. ஒருசந்தி அன்னைக்குப் பச்சத்தண்ணிகூடக் குடிக்கறதில்ல, அப்புறம் எப்புடிப் போடறது?" என்று கேட்டீர்களே! இந்த வெள்ளிக்கிழமைகளில் எல்லாம் இப்படித்தான் விட்டீர்களா?

சேலத்து டாக்டர் என்ன சொன்னார்? தாறுமாறாகத் துடிக்கிற நெஞ்சில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும், அது மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடும் என்றார். ஒரு மாத்திரை துடிப்பை அடக்க, மற்றது ரத்தம் உறையாமல் இருக்க. இரண்டையும் ஒருநாளும் விடக் கூடாது என்றாரே! உங்கள் அண்ணன் மதலைமுத்து வாய் கோணிக் கிடந்ததை நாம் பார்க்கவில்லையா?

காலைப் பூசை முடிந்ததும் சாமியாரைக் கேட்டேன். "நோயாளிக்கு ஒருசந்தி கடமை இல்லம்மா" என்றார். உங்களுக்கு மனசு ஒப்பாது என்று தெரியும்.

மாத்திரை கஞ்சிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

பாக்கியமேரி

ராஜப்பன் சவரம் செய்ய வந்தால் கத்தியை மெதுவாகப் போடச் சொல்லுங்கள். கீறினால் உங்களுக்கு ரத்தம் லேசில் நிற்காது.

வழக்கம்போல் எனக்கென்று கஞ்சியில் மீதி வைக்காதீர்கள். இன்றைக்கு என் ஒருசந்தி. நாளைக்கு உங்களுக்குப் பதிலாக உங்கள் ஒருசந்தியையும் நானே இருக்கிறேன்.