சக்கரம் தரையைத் தொடாத சோதனை

நாள் 112. 08:10

ரிமோட்டில் ஓடும் குட்டி வண்டியின் ஸ்டியரிங் வேலை முடிந்தது. முன்சக்கரங்களைத் திருப்ப ஒரு சர்வோ மோட்டார், பின்சக்கரங்களுக்கு இன்னொன்று. அவற்றுக்கென இருந்த தனி பேட்டரி நிலாக் குளிரில் செத்துப்போனதால், ஓட்டும் மோட்டாரின் ஸ்பீடு கன்ட்ரோலரிலிருந்தே மின்சாரம் இழுத்துக் கொடுத்துவிட்டேன். என் கட்டளையை வாங்கும் ரிசீவரும் முன்விளக்கும் அதே வயரில்தான். ஸ்டாண்டில் தூக்கி வைத்துத் திருப்பினேன். நான்கு சக்கரமும் சொன்ன பேச்சு கேட்டன.

வெளியே கொண்டுபோய் ஓட்டவில்லை. போனால் வாசல் அறைக்குள் தூசி வரும். இந்த நிலையத்தில் இருப்பது இரண்டே பேர்: கல் ஆராயும் மாசானமுத்து அண்ணாச்சி, கம்பி நோண்டும் ரெஜினாவாகிய நான். இந்த வாரம் பெருக்கும் முறை அண்ணாச்சிக்கு. தூசி பட்டால் இருமிக்கொண்டே கிடப்பார். தரையில் ஓட்டிப் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்துவிட்டேன் என்றேன்.

நாள் 114. 09:40

அண்ணாச்சியின் பெரிய வண்டி பள்ளத்து ஓரத்தில் கவிழ்ந்துவிட்டது. மூன்று கிலோமீட்டர் தூரம். அவர் இடது கால் அதன் அடியில் மாட்டியிருக்கிறது. அவரிடம் இருப்பது ஐந்து மணி நேர ஆக்சிஜன். அடுத்த நிலையத்திலிருந்து ஆள் வரப் பதினொரு மணி நேரமாகும். கசிவு பார்க்க என் விண்வெளி உடையை நேற்றுதான் பிரித்துப் போட்டேன். இன்றைக்கு மாட்ட முடியாது.

குட்டியில் எட்டு மணி நேர சிலிண்டரைக் கட்டி அனுப்புகிறேன். அது போய்ச் சேர்ந்தால் அவர் பிழைத்துக்கொள்வார்.

10:25

"கெளம்பிட்டா தாயி?" ரேடியோவில் அண்ணாச்சி.

"கெளம்பிட்டு அண்ணாச்சி. ரெண்டு மணி நேரத்துல ஒங்க பக்கத்துல நிக்கும்."

11:15

குட்டி நின்றுவிட்டது. கேமராவும் இருண்டது. பன்னிரண்டு நொடியில் தானாக உயிர் வந்தது. திருப்பினேன், மறுபடியும் செத்தது.

புரிந்துவிட்டது. ஸ்டாண்டில் சும்மா திரும்பிய சக்கரம் இங்கே மண்ணையும் கல்லையும் தள்ள வேண்டியிருக்கிறது. இரண்டு சர்வோவும் சேர்ந்து இழுத்தால் கன்ட்ரோலர் தரும் மின்சாரம் அவற்றுக்கே போதவில்லை. ரிசீவர் பட்டினியில் அணைகிறது. பத்து நிமிடம் தரையில் உருட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். என்னை எதால் அடிப்பது?

12:50

நேராக ஓடுகிறது. ஓட்டத்திலேயே நூல் நூலாகத் திருப்பினால் தாங்குகிறது. அப்படித்தான் கொண்டுபோகிறேன். இன்னும் முக்கால் கிலோமீட்டர் இருக்கிறது.

13:55

அண்ணாச்சிக்கு நாற்பது அடி முன்னால் முன்சக்கரம் கல்லிடுக்கில் கோணலாக மாட்டிக்கொண்டது. உயிர் வந்ததும் சர்வோக்கள் சக்கரத்தை நிமிர்த்தப் பார்க்கின்றன. கல் விடுவதில்லை. உடனே அணைகிறது. பின்னால் எடுக்கச் சொல்லும் கட்டளை போய்ச் சேருவதற்குள் ஒவ்வொரு முறையும் செத்துவிடுகிறது. இதுவரை அறுபத்திரண்டு முறை.

14:12

"அண்ணாச்சி, நான் தரையில ஓட்டிப் பாக்கல. பொய் சொல்லிட்டேன்."

"தெரியும் தாயி."

"எப்பிடி?"

"அன்னைக்கி வாசல் ரூமத் தூத்தேன்லா. ஒரு பொட்டுத் தூசி இல்ல. வண்டி வெளிய போகலன்னு அப்பமே தெரிஞ்சிட்டு. பெறவு கேப்போம்னு விட்டுட்டேன். நானும்லா கேட்டுருக்கணும்."

"எனக்காவப் பேசாதீய அண்ணாச்சி."

"செரி, நீ அழாத. வீட்ல சொல்லும்போது வலி இல்லாமப் போனாருன்னு சொல்லு, என்னா?"

14:31

நூற்று நாற்பது முறை. நிறுத்தவில்லை.

"வெளக்கு மினுக்கு மினுக்குன்னு தெரியுது தாயி. கை நீட்டுனா எட்டுற மாதிரி இருக்கு."

14:46

கூப்பிடுகிறேன். பதில் இல்லை.

14:58

கூப்பிடுகிறேன்.

21:30

மீட்பு ஆட்கள் அண்ணாச்சியைக் கொண்டுவந்துவிட்டார்கள். குட்டியையும் எடுத்து வந்தார்கள். சிலிண்டர் கட்டினது கட்டினபடியே இருக்கிறது. மீட்டரைப் பார்த்தேன். எட்டு மணி நேரம், முழுசாக.

இதைப் படிப்பவருக்கு: சர்வோவுக்குத் தனி பேட்டரி கொடுங்கள். சக்கரத்தைத் தரையில் வைத்துச் சோதியுங்கள்.

வாசல் அறை முழுக்கத் தூசி. குட்டியின் நான்கு சக்கரமும் அதில் தடம் பதித்து நிற்கின்றன. நாளையிலிருந்து பெருக்குவது என் முறை. இருமல் சத்தம் இல்லை. துடைப்பத்தை எடுத்தேன், பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.