திரும்ப வராத மழை

கூரைமேல் நின்றவருக்கு,

நேற்று சுபாங் ஜெயா கருத்தரங்கில் நீங்கள் பேசியதைப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள் சில நிமிடங்களில் தலைக்கு மேல் கடந்துவிடும், அதற்குள் நம் ஊர் மழை சிக்னலைக் குடித்துவிடும் என்றீர்கள். திரையில் சிக்னலின் கோடு பள்ளத்தில் விழுவதைக் காட்டி, "இந்த வருஷம் எங்களுக்குக் கெடச்ச பெஸ்ட் மழை" என்று சிரித்தீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள்.

கோட்டின் கீழே தேதி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சிரிக்க முடிந்தது?

அன்று பூச்சோங்கில் நம் வீட்டு வாசலில் முழங்கால் அளவு தண்ணீர். பிள்ளை சுமந்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு உங்களைப் போனில் விடாமல் அழைத்தேன். கடைசியில் பக்கத்து வீட்டு குமுதா அக்காதான் ஒரு லோரியை நிறுத்தி என்னை ஏற்றினார். நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "மழையில லைன் போயிருச்சு" என்றீர்கள். நானும் நம்பி மழையைத் திட்டினேன்.

நேற்று டீ குடிக்கும்போது உங்கள் மாணவி ஷைமா உங்களைப் புகழ்ந்தாள்: "அந்த மழை அன்னிக்குக் கூரைமேல ஆன்டெனா பக்கத்துல நின்னப்போ டாக்டரோட போன் அடிச்சிக்கிட்டே இருந்துச்சு அக்கா. எடுத்துப் பார்த்துட்டு, 'அப்புறம் பேசிக்கலாம் லா, இந்த மாதிரி மழை திரும்ப வராது'ன்னு பாக்கெட்ல போட்டுட்டாரு."

தொட்டிலைக் குமுதா அக்காவிடம் கொடுத்துவிட்டேன். நீங்கள் இங்கே வர வேண்டாம்.

மழை திரும்ப வராதாம்! இதை எழுதும்போதும் ஜன்னலுக்கு வெளியே அதே மழைதான் கொட்டிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
இனி உங்களை அழைக்காதவள்