தோன் எவேலியோ திரும்பிப் பார்க்கிறார்

நவம்பர் 4

உறுதியான தகவல்: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அப்பா திரும்புவதில்லை. சொன்னவர் முதியோர் இல்லத்தின் செவிலி யோலண்டா, இன்று தொலைபேசியில். காதில் குறையில்லை. 14-ஆம் தேதி மறுபரிசோதனை. அன்றும் திரும்பாவிட்டால் இரண்டாம் மாடிக்கு மாற்றிவிடுவார்கள். கதவு எப்போதும் பூட்டியிருக்கும் மாடி.

செய்தி மாதிரியே எழுதுகிறேன். வேறு மாதிரி எழுதத் தெம்பில்லை.

நவம்பர் 6

நான் இருக்கும் ஸமோரா நகரத்திலிருந்து இல்லத்துக்குப் பேருந்து. மழை. "அப்பா" என்றேன். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். போன மாதம் இந்தச் சொல்லுக்குத் தலையாவது அசைந்தது.

நவம்பர் 9

மதியம் பூண்டு சூப். யோலண்டா நல்ல பெண், நகரத்துக்காரி. கரண்டியை நீட்டி, "எவேலியோ, ராசா, வாயத் திற! எவேலியோ!" என்று கொஞ்சினாள். அசைவில்லை.

எதிர் நாற்காலியில் ஓப்துலியா. எங்கள் ஊரில் ரொட்டிக்கடை வைத்திருந்தவள். அவள் பிள்ளைகளுக்கெல்லாம் அப்பாதான் பிரசவம் பார்த்தார்.

"ஏண்டி, இப்படிப் பேர் சொல்லிக் கூப்பிட, நீயும் அவரும் எப்போ ஒரே தட்டுல சாப்பிட்டீங்க?" என்று யோலண்டாவை அதட்டினாள்.

"என்ன சொல்றீங்க, ஓப்துலியா?"

"செனோரா ஓப்துலியா. அவரு தோன் எவேலியோ. அவரு பொண்டாட்டியே கடைக்கு வந்தா, 'தோன் எவேலியோ இன்னும் சாப்பிட வரல'ன்னுதான் சொல்லுவா."

உண்மை. எங்கள் ஊரில் மருத்துவர், பாதிரியார், பள்ளி ஆசிரியர் — இவர்கள் பெயருக்கு முன்னால்தான் தோன் வரும், பெண்ணானால் தோன்யா. மற்றவர்கள் வெறும் செனோர், செனோரா. அப்பாவை மொட்டைப் பெயரால் கூப்பிட்டவள் அவருடைய அம்மா மட்டும்தான்.

"அப்போ நீங்க தோன்யா இல்லையா?" என்றாள் யோலண்டா.

"நான் மாவு பிசைஞ்சவடி. தோன்யா கையில மாவு ஒட்டாது." பிறகு அப்பா பக்கம் சாய்ந்து, "தோன் எவேலியோ! சூப் ஆறுது!"

அப்பா திரும்பினார். "இதோ வந்துட்டேன்" என்றார். கரண்டியை அவரே வாங்கிக்கொண்டார்.

நவம்பர் 10

நிர்வாகி ஃபெர்மினைப் பார்த்தேன். பரிசோதனையில் அப்பாவை தோன் என்று கூப்பிடச் சொல்லிக் கேட்டேன்.

"இங்க எல்லாரும் சமம், நியெவெஸ். ஒருத்தருக்கு மட்டும் தோன் போட்டா மத்தவங்க என்ன, கீழயா?"

நியாயம்தான். என் பத்திரிகையிலும் அதே விதி. பிறர் எழுதுவதில் தோன் வந்தால் அடிப்பது என் வேலை.

"அப்போ எல்லாருக்கும் போடுங்களேன்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மேலிடத்தைக் கேட்க வேண்டுமாம்.

நவம்பர் 12

நானும் அப்படித்தான் கூப்பிடணுமா? பெத்த அப்பாவையா?

நவம்பர் 13

மதியம் போனேன். அறை வாசலில் நின்று "அப்பா" என்றேன். இல்லை. இன்னொரு தடவை, சத்தமாக. இல்லை.

"தோன் எவேலியோ."

திரும்பினார். நாற்காலிக் கையைப் பிடித்து எழப் பார்த்தார்.

"வாங்க, செனோரித்தா. உக்காருங்க. எங்க வலிக்குது?"

முன்பின் தெரியாத ஒருத்தியிடம் பேசும் மரியாதை. நான் உங்க பொண்ணு — சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் பார்வை மறுபடி ஜன்னல் பக்கம் போயிருக்கும். தோள் என்றேன். பொய்யில்லை. நான் பை மாட்டியிருந்த வலது தோளில் விரல் வைத்து அழுத்திப் பார்த்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் கை என் மேல்.

"பைய அந்தப் பக்கம் மாட்டுங்க" என்றார். "சரியாயிடும்."

பரிசோதனை நாளைக் காலை. என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதற்கு ஃபெர்மினின் பதில் இன்னும் வரவில்லை. இன்று மாலைக்குள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

திரும்பும் பேருந்தில் எழுதுகிறேன். பை இடது தோளில்.